சுயநிர்ணயம் என்றால் தனி அரசுதானா? யூத அரசியல் சிந்தனையில் பாலஸ்தீனரின் இடம்

நீங்கள் கேட்டது இது: "யூதர்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டால், பாலஸ்தீனர்களின் உரிமையைக் கைவிட்டதாக ஆகிவிடாதா? இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்று யூதர்களிலேயே யாராவது யோசித்திருக்கிறார்களா?" இரண்டு கேள்விகளுக்கும் அடியில் ஒரே அனுமானம் இருக்கிறது. சுயநிர்ணயம் என்றால் தனி அரசு, தனி அரசு என்றால் அதில் ஒரு மக்கள் மட்டுமே எஜமானர் என்ற அனுமானம். அது சரியா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகக் கல்லூரியில் அரசியல் சிந்தனை நடத்தியவன். தேசியவாதம் பற்றிய தாளில் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பகுதி வரும். எபிரேயமும் அரபும் எனக்கு வாசிக்கத் தெரியாது, எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகப் படித்தவைதான். அங்கே போய் வாழ்ந்தவனும் அல்ல. அதனால் யார் என்ன வாதிட்டார்கள், அந்த வாதம் எங்கே தடுக்கி விழுந்தது என்பதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

1897-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவில் 1881-இல் தொடங்கிய யூத எதிர்ப்புக் கலவரங்களுக்குப் பிறகு, இனி யார் தயவிலும் வாழ முடியாது என்ற எண்ணம் யூதர்களிடையே பரவியிருந்த காலம். யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஓர் இல்லம் வேண்டும் என்ற இயக்கம்தான் சியோனிசம். அந்த ஆகஸ்டில் ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில் ஹெர்சல் தலைமையில் முதல் சியோனிச மாநாடு கூடியது. அதே ஆண்டு அக்டோபரில் ரஷ்யப் பேரரசின் வில்னா நகரில் 'பண்ட்' என்ற யூதத் தொழிலாளர் அமைப்பு தொடங்கியது. எங்கேயும் போக வேண்டாம், எங்கே வாழ்கிறோமோ அங்கேயே உரிமை கேட்போம் என்பது அவர்கள் நிலைப்பாடாக வளர்ந்தது. சைமன் டுப்னோவ் என்ற வரலாற்றாசிரியர் மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னார்: நிலம் இல்லாமலேயே ஒரு மக்கள் தம் பள்ளி, மொழி, சமூக நிர்வாகம் ஆகியவற்றைத் தாமே நடத்திக்கொள்ளும் தன்னாட்சி. ஆக, சுயநிர்ணயம் என்ற ஒரே தேவைக்கு அன்றைக்கே மூன்று விடைகள் இருந்தன.

பேசல் தீர்மானத்தில்கூட 'அரசு' என்ற சொல் கிடையாது. பாலஸ்தீனத்தில் பொதுச் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட ஓர் 'இல்லம்' என்றுதான் இருக்கிறது. இது உறுதியான செய்தி. ஏன் அப்படி எழுதினார்கள் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட துருக்கி சுல்தானைப் பகைக்க வேண்டாம் என்ற முன்ஜாக்கிரதை என்கிறார்கள் சிலர். ஒரு பேரரசுக்குள் தன்னாட்சியோடு இருப்பதையே அவர்கள் உண்மையாக மனதில் வைத்திருந்தார்கள் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆஸ்திரிய-ஹங்கேரியிலும் ரஷ்யாவிலும் வளர்ந்தவர்களுக்குப் பல தேசங்கள் ஒரே ஆட்சியின்கீழ் இருப்பது அன்றாடக் காட்சி. தன்னாட்சி அவர்களுக்கு அரைகுறை வெற்றியாகத் தோன்றியிருக்காது.

சரி, அந்த 'இல்லம்' அமையப்போகும் மண்ணில் ஏற்கெனவே இருந்தவர்கள்? சியோனிஸ்டுகள் யாருமே அவர்களைப் பார்க்கவில்லை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. அகாத் ஹாஅம் என்ற புனைபெயரில் எழுதிய ஆஷர் கின்ஸ்பர்க் 1891-இல் அங்கே போய்விட்டு வந்து, அந்த நாடு வெறுமையாகக் கிடக்கவில்லை, விதைக்காத நிலத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம் என்று எழுதினார். குடியேறியவர்கள் அரேபியரை நடத்திய விதத்தையும் கண்டித்தார். அவர் சியோனிச முன்னோடிகளில் ஒருவர், வெளியிலிருந்து திட்டியவர் அல்ல.

அவரைவிட என்னை அதிகம் பாதித்தவர் இட்ஸாக் எப்ஸ்டைன். பாலஸ்தீனத்தின் வடக்கே கலிலேயாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1905-இல் பேசலில் ஓர் உரை நிகழ்த்தினார், இரண்டு ஆண்டு கழித்து அது அச்சில் வந்தது. 'மறைந்து கிடக்கும் கேள்வி' என்பது அதன் தலைப்பு. அவர் பேசியது குத்தகை விவசாயிகளைப் பற்றி. அந்தப் பகுதியில் நிலத்தின் உரிமை பெய்ரூட்டிலோ டமாஸ்கஸிலோ இருக்கும் பெரும் பண்ணையாரிடம் இருக்கும். உரிமையாளர் மாறினாலும் உழுதவர்கள் அதே நிலத்தில் தொடர்ந்து உழுவார்கள், அதுதான் வழக்கம். யூத அமைப்புகள் நிலம் வாங்கியபோது பணம் முறையாகக் கொடுத்தார்கள், பத்திரம் சுத்தமாக இருந்தது. ஆனால் தாங்களே உழவேண்டும் என்று வந்தவர்கள் ஆகையால் பழைய குத்தகைக்காரர்கள் வெளியேற வேண்டியிருந்தது. ரோஷ் பினா என்ற யூதக் குடியிருப்பு அமைந்த ஊரிலிருந்து குடும்பங்கள் புறப்பட்ட நாளில், ஆண்கள் கழுதைமேல் போக, பின்னால் பெண்கள் அழுதுகொண்டே நடந்த சத்தம் இன்னும் காதில் ஒலிக்கிறது என்றார் எப்ஸ்டைன். சட்டப்படி சரியாக இருப்பது நியாயமாகவும் இருக்கிறதா என்று அவர் தன் தோழர்களைக் கேட்டார். அந்த மண்ணில் ஒரு முழு மக்கள் கூட்டம் நூற்றாண்டுகளாக வாழ்கிறது என்ற 'சின்ன விஷயத்தை' நாம் மறந்துவிட்டோம் என்றும் சொன்னார். நிலமும் குத்தகையும் தெரிந்த குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

இதற்குப் பிறகு பிரிட்டிஷ் அரசின் சார்பில் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் தந்த, 1917 நவம்பர் 2-ஆம் தேதியின் பால்ஃபர் பிரகடனத்தை நான் வகுப்பில் வார்த்தை வார்த்தையாகப் பிரித்து நடத்துவேன். மூலத்தில் அதன் மையப் பகுதி 67 சொற்கள். யூத மக்களுக்கு 'தேசிய இல்லம்' என்கிறது. அங்கே ஏற்கெனவே இருப்பவர்களை 'யூதரல்லாத சமூகங்கள்' என்கிறது. அவர்களுடைய 'குடிமை, சமய உரிமைகளுக்கு' பாதிப்பு வராது என்கிறது. அரசியல் உரிமை பற்றி மூச்சில்லை. ஆனால் மற்ற நாடுகளில் வாழும் யூதர்களின் 'அரசியல் தகுதி' பாதிக்கப்படாது என்று அடுத்த தொடரிலேயே சொல்கிறது. அந்தச் சொல் எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை, பாலஸ்தீன அரேபியருக்கு மட்டும் அது கொடுக்கப்படவில்லை. அன்று அங்கிருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அரேபியர்கள்.

அன்றைய பிரிட்டிஷ் அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர் எட்வின் மாண்டேகு. நம் பாடப்புத்தகத்தில் வரும் மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின் அதே மாண்டேகு, இந்தியாவுக்கான அமைச்சர். யூதர்கள் ஒரு மதத்தினர், தனி தேசம் என்றால் மற்ற நாடுகளில் வாழும் யூதர்களை அந்நியர்களாக்கிவிடும் என்று அவர் கடுமையாக எதிர்த்தார். அமைச்சரவை இறுதி முடிவெடுத்தபோது அவர் இந்தியாவுக்கு வரும் வழியில் இருந்தார்.

இங்கேதான் என் பதிலின் மையம் இருக்கிறது. யூதச் சிந்தனையாளர்களை சியோனிஸ்ட், சியோனிச எதிர்ப்பாளர் என்று இரண்டாகப் பிரிப்பது எளிது. ஆனால் சேர்ந்து வாழ்வது பற்றி யார் எவ்வளவு நேர்மையாக யோசித்தார்கள் என்று பார்க்க அந்தக் கோடு உதவாது. பாலஸ்தீனரைத் தனித்தனி மனிதர்களாக, நல்லபடியாக நடத்தப்பட வேண்டியவர்களாக மட்டும் பார்த்தார்களா, அல்லது தங்களைப் போலவே ஒரு தேசமாகப் பார்த்தார்களா? அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தால் எதிர்பாராத ஆட்கள் எதிர்பாராத பக்கத்தில் நிற்பார்கள்.

வலதுசாரி சியோனிசத்தின் தந்தையான ஜபோடின்ஸ்கி அப்படி ஒருவர். 1923-இல் அவர் எழுதிய 'இரும்புச் சுவர்' கட்டுரையை மாணவர்கள் முதல்முறை படிக்கும்போது திகைத்துப்போவார்கள். மெக்சிகோவை அஸ்டெக் மக்கள் நேசித்ததுபோல, தம் புல்வெளியை சியூ மக்கள் நேசித்ததுபோல பாலஸ்தீன அரேபியர் தம் மண்ணை நேசிக்கிறார்கள், எந்த மண்ணின் மக்களும் குடியேற்றத்தை மனமுவந்து ஏற்றதில்லை, ரயில்பாதையும் பொருளாதார வளர்ச்சியும் காட்டி அவர்களை வாங்கிவிடலாம் என்று நினைப்பது அவர்களை அவமதிப்பது என்று எழுதியிருக்கிறார். இதிலிருந்து அவர் எடுத்த முடிவு, அவர்களால் உடைக்க முடியாத ஓர் ஆயுத பலத்தின் பின்னால் குடியேற்றம் நடக்க வேண்டும், நம்பிக்கை இழந்த பிறகுதான் அவர்கள் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள் என்பது. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் எதிரே நிற்பவர்களை ஒரு தேசமாக அவர் பார்த்தார் என்பதை மறைக்கவும் மாட்டேன். அவர் இறந்த 1940-இல் வெளியான நூலில், யூதர் பிரதமரானால் அரேபியர் துணைப் பிரதமர், அரேபியர் பிரதமரானால் யூதர் துணைப் பிரதமர் என்ற ஏற்பாட்டையும் முன்வைத்தார். யூதப் பெரும்பான்மை முதலில், சமத்துவம் பிறகு. அவர் வழி வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பலருக்கு முதல் பாதி மட்டுமே நினைவிருக்கிறது.

மறுபுறம் 1925-இல் ஜெருசலேமில் தொடங்கிய 'ப்ரித் ஷாலோம்', அதாவது சமாதான உடன்படிக்கை. சுமார் நூறு பேர் கொண்ட சிறிய வட்டம். ஹ்யூகோ பெர்க்மன், ஹான்ஸ் கோன், கெர்ஷோம் ஷோலெம் போன்ற அறிஞர்கள். தத்துவவாதி மார்ட்டின் பூபரும், எபிரேயப் பல்கலைக்கழகத்தின் தலைவர் யூதா மாக்னஸும் இந்த எண்ணப் போக்கின் பெரிய முகங்கள். இவர்கள் கேட்டது இருதேசிய அரசு. யார் எண்ணிக்கையில் அதிகம் என்பதை வைத்து யார் ஆள்வது என்று முடிவாகாத, இரு மக்களும் அரசியல் சமநிலையில் இருக்கும் அமைப்பு.

1929-இல் நடந்த கலவரத்தில் 133 யூதர்களும் 116 அரேபியர்களும் இறந்தார்கள். ஹெப்ரோனில் மட்டும் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள், அரேபிய அண்டைவீட்டார் பலரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியதும் அதே ஊரில்தான். அந்த வருடம் ஹான்ஸ் கோன் சியோனிச இயக்கத்தை விட்டு விலகினார். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த மண்ணின் மக்களுடைய சம்மதத்தைப் பெற ஒரு முயற்சியும் செய்யாமல் பிரிட்டிஷ் ஆயுதத்தை நம்பி இருந்துவிட்டு, இப்போது ஒன்றும் அறியாதவர்கள்போல் நிற்க முடியாது என்பது அவர் வாதம். 1934-இல் அமெரிக்கா போய்விட்டார்.

பூபர் விலகவில்லை. அவர் நிலைப்பாடு நமக்கு நெருக்கமான ஓர் இடத்தில் கூர்மையாக வெளிப்பட்டது. 1938 நவம்பரில், ஜெர்மனியில் யூத ஆலயங்கள் எரிந்த சில நாட்களில், காந்தி 'ஹரிஜன்' இதழில் எழுதினார். இங்கிலாந்து ஆங்கிலேயருக்குச் சொந்தமாக இருப்பதுபோல பாலஸ்தீனம் அரேபியருக்குச் சொந்தம், ஜெர்மனி யூதர்கள் சத்தியாகிரகம் செய்யட்டும் என்பது சாரம். அந்த ஆண்டுதான் ஜெர்மனியை விட்டு ஜெருசலேம் வந்திருந்த பூபர் 1939 பிப்ரவரியில் நீண்ட கடிதம் எழுதினார். வதை முகாமில் சத்தியாகிரகத்துக்குச் சாட்சி ஏது என்று கேட்டார். நிலத்தைப் பற்றி அவர் சொன்னது இன்னும் முக்கியம்: இங்கே இரண்டு உயிரான உரிமைகோரல்கள் மோதுகின்றன, வேறுவேறு தன்மை கொண்டவை, எது நியாயம் எது அநியாயம் என்று எந்தத் தராசிலும் நிறுத்து முடிவுசொல்ல முடியாது, இரண்டையும் ஒத்துப்போகவைக்கும் வழியைத்தான் தேட வேண்டும். மாக்னஸும் ஒரு கடிதம் எழுதினார். காந்தி பதில் எழுதியதாகத் தெரியவில்லை. இந்த விஷயத்தில் காந்தியைவிட பூபர் நிலைமையை முழுதாகப் பார்த்தார் என்பது என் அபிப்பிராயம். காந்தி ஒரு தேசத்தைப் பார்த்தார், பூபர் இரண்டைப் பார்த்தார்.

அப்புறம், இருதேசிய அரசு கேட்ட இவர்கள் ஏன் தோற்றார்கள்? நல்லவர்கள், சிறுபான்மை, அதனால் தோற்றார்கள் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அவர்கள் திட்டத்தின் நடுவிலேயே ஒரு முடிச்சு இருந்தது. அது குடியேற்றம். 1922 கணக்கெடுப்பில் யூதர்கள் 11 சதவீதம். அரேபியர் சம்மதம் வேண்டும் என்றால் குடியேற்றத்துக்கு எல்லை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு எல்லை போடுவது என்றால் கதவைத் தட்டுபவனைத் திருப்பி அனுப்புவது. 1935-இல் மட்டும் 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். 1939-இல், அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டன் ஐந்தாண்டுக்கு 75,000 பேர் என்று வரம்பு போட்டது. அந்த ஐந்தாண்டுகளில் ஐரோப்பாவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டபின், பெரும்பான்மை வேண்டாம், சமநிலை போதும் என்ற வாதத்தை யூதர்களிடையே கேட்க ஆளில்லை. ஏன் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. அந்தக் குற்றத்தில் பங்கே இல்லாத நாங்கள் ஏன் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று பாலஸ்தீனர் கேட்டார்கள். அதுவும் எனக்குப் புரிகிறது.

பாலஸ்தீன அரேபியர் பக்கமும் கை நீட்டியவர்கள் இருந்தார்கள். ஃபவ்சி தர்வீஷ் அல்-ஹுசைனி 1946 நவம்பரில் யூத-அரபு நல்லிணக்க அமைப்போடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். அதே மாதம் கொல்லப்பட்டார்.

1947-இல் ஐ.நா. விசாரணைக் குழுவில் இருந்த இந்தியா, ஈரான், யுகோஸ்லாவியா மூன்றும் பிரிவினை வேண்டாம், கூட்டாட்சி போதும் என்று தனி அறிக்கை தந்தன. மாக்னஸ் கேட்டதற்குக் கொஞ்சம் அருகில் வந்த திட்டம் அது. பெரும்பான்மைத் திட்டமான பிரிவினைதான் நிறைவேறியது. அந்தத் திட்டத்தின்படி அமையவிருந்த யூத நாட்டில் சுமார் ஐந்து லட்சம் யூதர்கள், நான்கு லட்சத்துக்கு மேல் அரேபியர்கள். அடுத்து வந்த போரில் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தார்கள், திரும்ப அனுமதிக்கப்படவில்லை. இவை இஸ்ரேலிய ஆவணங்களிலிருந்தே நிறுவப்பட்டவை. முன்பே திட்டமிட்டு விரட்டினார்களா, போரின் ஓட்டத்தில் படிப்படியாக நடந்ததா என்பதில்தான் இஸ்ரேலிய வரலாற்றாசிரியர்களே பிரிந்து நிற்கிறார்கள். யூத அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் 1948 மே மாதமே எச்சரித்தார்: போரில் வென்றாலும் பகை சூழ்ந்து நிற்க, பாதுகாப்பைத் தவிர வேறெதையும் யோசிக்க முடியாத நாடாக யூத நாடு ஆகிவிடும். மாக்னஸ் அந்த அக்டோபரில் இறந்தார்.

இதுவரை நான் சொன்ன யூதப் பெயர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. தலைமுறைகளாக ஜெருசலேமில் அரபு பேசி வாழ்ந்த யூதக் குடும்பங்களின் குரல் வேறு மாதிரி. எலியாஹு எலியாஷர் அந்த மரபில் வந்தவர். பாலஸ்தீனரை அண்டைவீட்டாராக அறிந்த எங்களைக் கேட்காமல் ஐரோப்பியத் தலைவர்கள் முடிவெடுத்தார்கள் என்பது அவர் வாழ்நாள் குறை. பாடத்திட்டங்களில் இவருக்கு இடம் கிடைப்பதே இல்லை. அது பெரிய தவறு.

1967 போருக்குப் பிறகு மேற்குக்கரையும் காசாவும் இஸ்ரேலின் கைக்கு வந்தபோது, மிகக் கடுமையான எச்சரிக்கை ஓர் ஆசாரமான யூதரிடமிருந்து வந்தது. யெஷயாகு லைபோவிட்ஸ், விஞ்ஞானி, தினமும் வழிபாடு தவறாதவர். பல லட்சம் அந்நியரை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக ஆளும் நாடு உளவுத்துறையின் நாடாகிவிடும் என்று 1968-லேயே எழுதினார். நிலத்தையும் அரசையும் புனிதம் என்பது உருவ வழிபாடு என்றார். அதே மதத்தின் அதே நூல்களைப் படித்துத்தான் மற்றொரு சாரார் மலைமலையாகக் குடியிருப்புகள் அமைத்தார்கள். இன்று மேற்குக்கரையில் கிழக்கு ஜெருசலேம் நீங்கலாகவே ஐந்து லட்சம் குடியேறிகள். ஆகவே யூத மதம் இதற்கு என்ன சொல்கிறது என்று யாராவது ஒரே வரியில் விடை சொன்னால் நம்பாதீர்கள்.

2018-இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் தேசிய அரசுச் சட்டத்தை 62-க்கு 55 என்று நிறைவேற்றியது. இஸ்ரேலில் தேசியச் சுயநிர்ணயம் யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்கிறது அது. குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரேபியர். 1948 சுதந்திரப் பிரகடனத்தில் இருந்த 'சமத்துவம்' என்ற சொல் இந்தச் சட்டத்தில் இல்லை. அதனால் ஆளுங்கட்சியில் இருந்தும் ஆதரித்து வாக்களிக்காதவர் பென்னி பெகின். ஜபோடின்ஸ்கியின் சீடரும் இஸ்ரேலின் முன்னாள் பிரதமருமான மெனாகெம் பெகினின் மகன். ஜபோடின்ஸ்கி சொன்னதில் மறந்துபோன அந்த இரண்டாம் பாதியை, சமத்துவத்தை, நினைவில் வைத்திருந்தவர்.

இதற்கு எதிர்த்திசையிலும் யோசனை நிற்கவில்லை. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் கைம் கான்ஸ், ஒரு மக்களின் சுயநிர்ணயம் முழு அரசுரிமையைக் கட்டாயமாக்காது என்று பொறுமையாக வாதிட்டிருக்கிறார். 2012 முதல் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேர்ந்து நடத்தும் 'எல்லோருக்குமான நிலம்' இயக்கம், இரண்டு நாடுகள், ஒரே தாயகம், திறந்த எல்லை, ஒன்றின் குடிமகன் மற்றதில் வசிக்கலாம் என்கிறது. நீண்டகாலம் இருநாட்டுத் தீர்வுக்காக வாதிட்ட அமெரிக்க யூத எழுத்தாளர் பீட்டர் பைனார்ட், 2020-இல் யூத அரசு என்ற எண்ணத்தைக் கைவிட்டு, ஒரே நாட்டில் சம உரிமை என்ற நிலைக்கு வந்தார். 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் இஸ்ரேல்மீது நடத்திய தாக்குதலுக்கும், அதன்பின் காசாவில் பல்லாயிரக்கணக்கில் மக்கள் கொல்லப்பட்டதற்கும் பிறகு இந்தக் குரல்கள் இரு பக்கமும் இன்னும் மெலிந்திருக்கின்றன.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். யூதர்களின் சுயநிர்ணயத்தை ஒப்புக்கொள்வதால் பாலஸ்தீனரைக் கைவிட்டதாக ஆகாது. மற்றொரு மக்களை ஆளும் உரிமையும் அதில் அடங்கியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் ஆகும். எதிர்ப்பக்கமும் இதே தவறு நடந்தது. 1968-இன் பாலஸ்தீன விடுதலை இயக்கச் சாசனம், யூதர்கள் ஒரு மதம் மட்டுமே, தேசம் அல்ல என்றது. பால்ஃபர் அரேபியருக்குச் செய்ததை அது யூதர்களுக்குச் செய்தது. 1993-இல் அந்த இயக்கத்தின் தலைவர் அராஃபத் இஸ்ரேல் என்ற நாட்டை அங்கீகரித்துக் கடிதம் தந்தபோது, பதிலுக்கு இஸ்ரேல் பிரதமர் ராபின் அங்கீகரித்தது பாலஸ்தீன மக்களின் பிரதிநிதி அமைப்பை மட்டுமே, அவர்களுக்கென ஒரு நாட்டை அல்ல. அந்தச் சமனின்மை இன்றும் தீரவில்லை. யோர்தான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே இன்று ஏறக்குறைய சம எண்ணிக்கையில், தலா எழுபது லட்சத்துக்கு மேல், இரு மக்களும் வாழ்கிறார்கள்.

என் சந்தேகம் ஓரிடத்தில் இருக்கிறது. மாக்னஸ் தடுமாறிய அதே இடம், குடியேற்றம். உலகின் எந்த யூதரும் வந்து குடியேறலாம் என்கிறது 1950-இன் இஸ்ரேலியச் சட்டம். விரும்பும் அகதிகள் வீடு திரும்ப அனுமதிக்க வேண்டும் என்கிறது 1948 டிசம்பரின் ஐ.நா. தீர்மானம் 194. யார் வரலாம் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு, இருவரும் ஒப்புக்கொள்ளும் விடையை நான் படித்த எந்தத் திட்டத்திலும் பார்க்கவில்லை. திறந்த எல்லைத் திட்டம்தான் அதற்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. குடியுரிமையையும் வசிக்கும் உரிமையையும் அது தனித்தனியாகப் பிரிக்கிறது, அதனால் ஒரு பாலஸ்தீன அகதியின் பேத்தி ஹைஃபாவில் குடியிருந்துகொண்டே பாலஸ்தீனத் தேர்தலில் வாக்களிக்கலாம், ஹெப்ரோனில் வாழ விரும்பும் யூதர் பாலஸ்தீனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அங்கே இருக்கலாம். காகிதத்தில் இது நிற்கிறது. இரண்டு பக்கமும் துப்பாக்கி இருக்கும்போது நிற்குமா என்பதை அரசியல் சிந்தனை படித்தவன் என்ற முறையில் என்னால் சொல்ல இயலாது.